ஒரு பிடி அரிசியும் ‘ஒருவரையொருவர்’ என்னும் சொல்லும்

கிறித்தவர்களிடையே ஒத்துழைப்பு என்ற பேச்சு எழும்போது அது பெரும்பாலும் மேடையைச் சார்ந்ததாகவே அமைந்துவிடுகிறது. ஐக்கிய ஆராதனை, பல சபைகள் கூடி நடத்தும் கிறிஸ்துமஸ் விழா, பேராயர்கள் வரிசையாக நிற்கும் நிழற்படம் ஆகியவை அதன் அடையாளங்களாகக் கொள்ளப்படுகின்றன. ஆனால் விவிலியம் இப்பொருளைப் பேசும் இடங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு காட்சி தென்படும். அங்கே சோறு இருக்கிறது, காசு இருக்கிறது, விதவைகளின் பசி இருக்கிறது. உடன் உழைத்த இரு பெண்களின் மனத்தாங்கல்கூட இருக்கிறது. ஒத்துழைப்பை அன்றாட வாழ்வில் எங்கே தேடுவது என்பதை அந்த இடங்களே சொல்லிவிடுகின்றன.

1. எழுவாயாக நிற்க இயலாத சொல்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ‘அல்லேலோன்’ என்றொரு சொல் ஏறத்தாழ 100 இடங்களில் வருகிறது. ‘ஒருவரையொருவர்’, ‘ஒருவருக்கொருவர்’ என்று தமிழில் பெயர்க்கப்படும் இச்சொல், ‘மற்றவர்’ எனப் பொருள்படும் ‘அல்லோஸ்’ என்ற சொல் இரட்டித்துப் பிறந்தது. இலக்கண நோக்கில் இதற்கு இரண்டு குறைகள் உண்டு. ஒருமை வடிவம் கிடையாது. எழுவாய் வேற்றுமையும் கிடையாது. தனியொருவரை இச்சொல்லால் சுட்ட முடியாது, வாக்கியத்தின் தலைமையிடத்தில் இதை அமர்த்தவும் முடியாது.

இச்சொல்லோடு இணைந்து வரும் ஏவல்களைத் தொகுத்தால் ஒரு வீட்டின் நாட்குறிப்பைப் படிப்பது போலிருக்கும். ஒருவரையொருவர் அன்புசெய்தல், மன்னித்தல், பொறுத்துக்கொள்ளுதல், முறுமுறுப்பின்றி விருந்தோம்புதல், உண்ணக் கூடும்போது மற்றவர் வரும்வரை காத்திருத்தல், குற்றங்களை ஒருவரிடம் ஒருவர் ஒப்புக்கொள்ளுதல், ஒருவருக்கொருவர் பொய் சொல்லாதிருத்தல் என்று அப்பட்டியல் நீளுகிறது. கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் இதன் மறுபக்கத்தையும் காட்டுகிறார்: ஒருவரையொருவர் கடித்து விழுங்கும் சபையும் உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இவற்றுள் ஏதொன்றுக்கும் மேடை தேவையில்லை. அடுக்களையும் திண்ணையும் சந்தையும் போதும்.

‘கொய்னோனியா’ என்ற மற்றொரு சொல்லையும் இங்கே கருத வேண்டும். பொதுவில் பங்குகொள்ளுதல் என்பது அதன் அடிப்படைப் பொருள். எருசலேமின் முதல் விசுவாசிகளைப் பற்றிய அப்போஸ்தலர் நடபடிகள் 2:42இல் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இதனை ‘அந்நியோந்நியம்’ என்று பெயர்த்தது. ‘அந்ய’ என்ற வடசொல் இரட்டித்துப் பிறந்த சொல் அது. கிரேக்கத்தின் ‘அல்லேலோன்’ எவ்வாறு அமைந்ததோ அவ்வாறே இதுவும் அமைந்திருக்கிறது. பிற்காலத் தமிழ் வழக்கில் ‘அந்நியோந்நியம்’ கணவன் மனைவியின் நெருக்கத்தைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது. சபை வழக்கில் ‘ஐக்கியம்’ என்பதே நிலைத்தது.

இதே கொய்னோனியா ரோமர் 15:26இல் எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டப்பட்ட பணத்தைக் குறிக்கிறது. அங்கே தமிழில் ‘சகாயம்’ என்று நிற்கிறது. எபிரெயர் 13:16இல் ‘தானதர்மம்’ என்று நிற்கிறது. இடத்துக்கேற்பச் சொல்லை மாற்றுவது மொழிபெயர்ப்பாளரின் உரிமை. அதில் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் அதன் விளைவு ஒன்றுண்டு. ஞாயிற்றுக்கிழமை கூடிச் செபிப்பதும் பசித்தவரோடு பணத்தைப் பகிர்வதும் மூலத்தில் ஒரே சொல்லாக இருப்பதைத் தமிழ் வாசகர் காண்பதில்லை. ஐக்கியம் என்றால் கூட்டம் என்றும், தானதர்மம் என்றால் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்கு இடுவது என்றும் இரண்டு தனித்தனி எண்ணங்கள் வேரூன்றிவிட்டன. ‘தர்மம்’ என்ற சொல்லில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருபோதும் இடம் மாறுவதில்லை. கொய்னோனியாவில் இடம் மாறுவார்கள். கொரிந்தியருக்கு எழுதும்போது, இன்று உங்கள் நிறைவு அவர்கள் குறைவுக்கு உதவட்டும், மற்றொரு நாள் அவர்கள் நிறைவு உங்கள் குறைவுக்கு உதவும் என்ற கருத்தில்தான் பவுல் வாதிடுகிறார்.

2. பந்தியில் எழுந்த முதல் முறையீடு

எருசலேம் சபையில் எழுந்த முதல் உட்பூசல் இறையியல் கருத்து வேறுபாட்டால் உண்டானதன்று. மொழியும் சோறும் அதன் காரணங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தின்படி, கிரேக்கம் பேசிய யூதர்களின் விதவைகள் அன்றாட உணவுப் பகிர்வில் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள். எபிரெயர் எனப்பட்ட உள்ளூர்ப் பெரும்பான்மையினர் மீது அவர்கள் முறுமுறுத்தார்கள். இரு சாராரும் யூதர். இரு சாராரும் ஒரே நம்பிக்கைக்கு வந்தவர்கள். வீட்டில் பேசிய மொழி வேறு என்பதே அவர்களைப் பிரித்தது.

அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைப் பொறுமையற்றவர்கள் என்று கண்டிக்கவில்லை. சமாதானம் கெடாதிருக்க வாயை மூடுங்கள் என்றும் சொல்லவில்லை. எழுவரைத் தெரிந்தெடுக்குமாறு சபையிடமே கூறினார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட எழுவரின் பெயர்களும் ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று கிரேக்கப் பெயர்களாகவே இருக்கின்றன. அவர்களுள் கடைசியாகச் சொல்லப்படும் நிக்கொலா, பிறப்பால் யூதர்கூட இல்லை. அந்தியோகியாவிலிருந்து யூத சமயத்துக்கு மாறி வந்தவர். பெயரை மட்டும் கொண்டு ஒருவரது குழுவைத் திட்டமாக முடிவுசெய்ய இயலாது. எனினும் விடுபட்டவர்களின் தரப்பிலிருந்தே பரிமாறும் பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்று கொள்வதற்கு இப்பட்டியல் வலுவாக இடம் தருகிறது. உணவுக் கலத்தின் அகப்பை, அதுவரை பெறாமல் போனவர்களின் கைக்கு மாறியிருக்கிறது.

பழைய தமிழ் மொழிபெயர்ப்பு இப்பணிக்குப் ‘பந்திவிசாரணை’ என்ற சொல்லைக் கையாளுகிறது. யார் எந்த வரிசையில் அமர்வது, யாருக்கு முதலில் இலை போடுவது, யாரைத் தனியே உட்காரவைப்பது என்பனவற்றால் தலைமுறைகளாகச் சாதியை நிலைநிறுத்திய சமூகத்தில் ‘பந்தி’ என்பது வெறும் உணவு வரிசையன்று. அந்தியோகியாவில் பிற இனத்தாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பந்தியைவிட்டு விலகினார். பவுல் அதனை எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார். தமிழகத் திருச்சபை வரலாற்றில் இந்தப் பந்திச் சிக்கல் பலமுறை திரும்ப நிகழ்ந்திருக்கிறது. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் சபைகளுக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கட்டளையிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டு விலகினார்கள். வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற தடுப்பு 1910இல் அகற்றப்பட்டபோது வழக்கு உயர்நீதிமன்றம்வரை சென்றது. சாதி வழக்கத்தை உரிமையாகக் கோரிய வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. சபையின் ஒத்துழைப்பை அளக்க நற்செய்திக் கூட்டத்தின் எண்ணிக்கையைவிடப் பந்தியின் வரிசை நம்பகமான கருவி என்பதற்கு இவை போதிய சான்றுகள்.

3. இரண்டு பாரங்கள்

கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தைத் தமிழில் வாசிப்பவர்கள் ஓரிடத்தில் தடுமாறுவதுண்டு. ஒருவர் பாரத்தை மற்றவர் சுமக்க வேண்டும் என்று 2ஆம் வசனம் சொல்கிறது. அவரவர் தம் பாரத்தைச் சுமப்பார் என்று 5ஆம் வசனம் சொல்கிறது. தமிழில் இரண்டும் ‘பாரம்’. கிரேக்கத்தில் முதலாவது ‘பாரோஸ்’, அழுத்தும் பெருஞ்சுமை. இரண்டாவது ‘ஃபோர்த்தியோன்’, ஒரு பயணி தன் தோளில் கொண்டு செல்லும் மூட்டை. ஒலியால் தமிழ்ப் ‘பாரம்’ கிரேக்கப் ‘பாரோ’ஸை ஒத்திருப்பது தற்செயல், பொருள் வேறுபாடு தற்செயலன்று.

அன்றாட ஒத்துழைப்பின் சிக்கல்களுள் பாதி இந்த இரண்டு சுமைகளையும் குழப்பிக்கொள்வதால் வருகின்றன. நோய், மரணம், வேலையிழப்பு, கடன் போன்றவை பாரோஸ். அவற்றைத் தனியொருவர் தாங்க இயலாது. தன் பிழைப்புக்கு உழைப்பது, தன் சொல்லைக் காப்பது, தன் பிள்ளையை வளர்ப்பது போன்றவை ஃபோர்த்தியோன். முதலாவதை அவரவர் பாடு என்று கைவிட்டால் சபை இரக்கமற்றதாகிறது. இரண்டாவதையும் பிறர் மீது ஏற்றினால் உதவியவர்கள் ஓராண்டுக்குள் சோர்ந்துபோகிறார்கள். வேலைசெய்ய மனமில்லாதவரைப் பற்றித் தெசலோனிக்கேயருக்குக் கண்டிப்பாக எழுதியவரும், மற்றவர் சுமையில் தோள் கொடுக்கும்படி கலாத்தியருக்கு எழுதியவரும் ஒரே பவுல்தான்.

4. புஹ்ஃபாய் தாம்

மேற்கூறிய கருத்துகள் ஒரு வட்டாரத்தின் வாழ்முறையாகவே அமைந்திருப்பதைக் காண மிசோரத்துக்குச் செல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தின் மக்கள்தொகை 10,97,206. அவர்களுள் 87 விழுக்காட்டினர் கிறித்தவர். 1894 ஜனவரியில் லொரேன், சாவிட்ஜ் என்ற இரு மறைப்பணியாளர்கள் அங்கே வந்து மிசோ மொழிக்கு ரோமன் எழுத்தில் நெடுங்கணக்கு அமைத்தார்கள். 1897இல் வேல்ஸ் நாட்டு மறைப்பணி தொடங்கியது. பின்னர் வடபகுதி பிரெஸ்பிடேரியன் சபைக்கும் தென்பகுதி பாப்டிஸ்ட் சபைக்கும் உரியதாகப் பணிக்களம் பகுக்கப்பட்டது. ஒரே மலையில் இரு சபைகள் ஆள்பிடிப்பில் இறங்காதிருக்க அப்பகுப்பு நெடுங்காலம் உதவியது.

மிசோ மொழியில் ‘புஹ்ஃபாய்’ என்பது உமி நீக்கிய அரிசி. ‘தாம்’ என்பது ஒரு கைப்பிடி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் வேர்கொண்ட இவ்வழக்கம் மிக எளியது. சமைப்பதற்காக அளந்தெடுத்த அரிசியிலிருந்து வீட்டுப் பெண் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலத்தில் இடுகிறார். நாளுக்கு இருமுறை சோறு பொங்கும் வீடுகளில் இது இருமுறை நடக்கும். சபையின் பெண்கள் குறித்த நாளில் வீடுவீடாகச் சென்று அதனைத் திரட்டுகிறார்கள். அரிசி ஒன்றாகக் கலக்கப்பட்டு, விற்கப்பட்டு, கிடைக்கும் பணம் சபைப் பணிகளுக்குச் செல்கிறது. வெளியிலிருந்து வந்த பணத்தைச் சார்ந்திருந்த ஒரு மறைப்பணிக் களம், தானே பிற இடங்களுக்குப் பணியாளர்களை அனுப்பும் சபையாக மாறியதில் இந்தக் கைப்பிடிக்குப் பெரும்பங்கு உண்டு.

ஒரு பிடியை 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 100 கிராம். ஓராண்டுக்கு ஒரு வீட்டிலிருந்து 36.5 கிலோ, நூறு வீடுகளிலிருந்து 3,650 கிலோ. பெருஞ்செல்வர் எவரும் இல்லாத ஊரிலும் இந்தக் கணக்கு பொய்ப்பதில்லை. ஆனால் அளவைவிட அதன் அமைப்பே கவனத்துக்குரியது.

முதலாவதாக, உலை வைப்பதற்கு முன்னரே அந்தப் பிடி எடுக்கப்படுகிறது. உண்டு மிஞ்சியதிலிருந்து எடுக்கப்படுவதில்லை. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கதை முன்கூட்டியே எடுத்துவைக்கும்படி பவுல் கொரிந்தியருக்குச் சொன்ன முறையும் இதுதான். இரண்டாவதாக, கைகளின் அளவு பெரிதும் வேறுபடுவதில்லை. அதிகாரியின் வீட்டுக் கையும் கூலித் தொழிலாளியின் வீட்டுக் கையும் ஏறத்தாழ ஒரே அளவு அரிசியையே அள்ளும். மூன்றாவதாக, குவியலில் கலந்தபின் எந்த அரிசி யாருடையது என்று எவராலும் சொல்ல இயலாது. கொடுத்தவர் பெயரைக் கல்லில் பொறிக்க அங்கே இடமில்லை. நான்காவதாக, பணம் கையில் புழங்காத பெண்களும் இதன்வழி கொடுப்பவர்களாகிறார்கள்; பெறுநர் பட்டியலில் இருந்திருக்கக்கூடிய ஏழை விதவையும் கொடுப்போர் பட்டியலுக்கு வருகிறார்.

இவ்வழக்கம் வேர்கொண்ட அந்த நாள்களில் மிசோ மலைகள் செழிப்பில் இருக்கவில்லை. அங்குள்ள ஒருவகை மூங்கில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைமலையாகப் பூக்கும். அதன் கனிகளைத் தின்று எலிகள் பெருகி வயல்களை அழிக்கும், பஞ்சம் வரும். ‘மௌதாம்’ எனப்படும் இந்தப் பஞ்சம் 1911-12இலும் 1959இலும் 2006-08இலும் வந்தது. பஞ்சத்தை அறிந்த கைகளே அந்தப் பிடியை எடுத்தன.

இதற்கான மண் கிறித்தவத்துக்கு முன்னரே பண்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ‘த்லோம்ஙைஹ்னா’ என்பது மிசோ மக்களின் பழைய அறம். தன்னலம் பாராது, கேட்காமலே, பிறருக்கு முந்தி நிற்பது என்று அதனை விளக்கலாம். ‘ஹ்னாத்லாங்’ என்பது ஊர் கூடிச் செய்யும் வேலை. 1935இல் தோன்றிய இளைஞர் சங்கம் இவ்வறத்தை அமைப்பாக்கியது. ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால் வட்டார இளைஞர்கள் குழி வெட்டுகிறார்கள். அயலார் துக்க வீட்டில் இரவுகளைக் கழிக்கிறார்கள். இறந்தவரின் குடும்பம் அந்நாள்களில் தனித்து விடப்படுவதில்லை. நெடுஞ்சாலையோரத்தில் செலிங் பகுதியில் காவலர் இல்லாக் கடைகள் இருக்கின்றன. உழவர்கள் காய்கனிகளை மூங்கில் தட்டியில் வைத்து, விலையை அட்டையில் எழுதிவிட்டு, காசுக்கு ஒரு பெட்டியை வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுகிறார்கள். வாங்குபவர் காசை இட்டு, வேண்டுமானால் மீதியையும் தாமே எடுத்துக்கொள்கிறார்.

மிசோ இலக்கணத்தில் ஒரு நுட்பமும் உண்டு. அம்மொழியில் ‘ஒருவரையொருவர்’ என்பது தனிச்சொல்லாக நிற்காமல் வினையின் முன்னொட்டாக வருகிறது. ‘ஹ்மங்ஙைஹ்’ என்றால் அன்புசெய். ‘இன்’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் ஒருவரையொருவர் அன்புசெய்தல். தன்னைத்தானே என்ற பொருளைத் தருவதும் அதே முன்னொட்டுதான். இலக்கணத்திலிருந்து ஒரு சமூகத்தின் குணத்தை வருவிப்பது மொழியியலில் பழமையான பிழை. ஆகவே இதனைச் சான்றாகக் கொள்ளலாகாது. எனினும் தன்னைப் போல் பிறரையும் அன்புசெய்யும் கட்டளைக்கு அம்மொழி ஓர் இயல்பான வாகனம் என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

5. கேரளத்தின் பிடியரி

இதே கைப்பிடி நாட்டின் மறுகோடியிலும் தோன்றியது. குட்டநாட்டின் கைநகரியில் 1805இல் பிறந்து 1871இல் மறைந்த சாவறா குரியாக்கோஸ் ஏலியாஸ் அடிகள், 1864இல் ஒவ்வொரு பள்ளியோடும், அதாவது ஒவ்வொரு ஆலயத்தோடும், ஒரு பள்ளிக்கூடம் அமைய வேண்டும் என்று சீரோ மலபார் சபையினருக்குக் கட்டளையிட்டார். எழுத்து மறுக்கப்பட்டிருந்த சாதிகளின் பிள்ளைகளும் அப்பள்ளிகளுக்கு அழைக்கப்பட்டனர். பசியோடு வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதால் நண்பகல் உணவு தேவைப்பட்டது. அதற்கு அவர் கண்ட வழி ‘பிடியரி’: வீடுகளில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, வாரந்தோறும் ஆலயத்தில் சேர்ப்பது. 2014இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

மலை நாட்டுப் பிரெஸ்பிடேரியரும் காயல் நாட்டுக் கத்தோலிக்கரும் மொழியாலும் இனத்தாலும் வழிபாட்டாலும் தொலைவானவர்கள். இருவரும் ஒரே செயலுக்கு வந்து சேர்ந்ததற்கு அரிசி உண்ணும் நாட்டின் அடுக்களை ஒரு காரணம். இருவர் கையிலும் இருந்த அதே விவிலியம் மற்றொரு காரணம். தம் சமய எல்லைக்கு வெளியே, இந்து மடங்களும் இத்தகைய பிடி அரிசித் திட்டங்களை நடத்தியிருக்கின்றன என்பதையும் மறக்கலாகாது. இந்த நாட்டின் பொதுப்பண்பு ஒன்றைச் சபைகள் தமதாக்கிக்கொண்டன என்பதே நேர்மையான கூற்று.

6. கைப்பிடி மூடும் இடம்

இவ்வளவு சொன்னபின் எஞ்சும் கேள்வியைத் தவிர்த்தல் தகாது. இறுக்கமாக ஒத்துழைக்கும் சமூகம், தன் எல்லைக்கு வெளியே நிற்பவரிடம் எவ்வாறு நடந்துகொள்கிறது?

2021 பிப்ரவரியில் மியான்மாரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் எல்லை தாண்டி வந்த பல்லாயிரம் சின் மக்களை மிசோரத்தின் சபைகளும் சங்கங்களும் ஏற்றுக்கொண்டன. 2023 மே மாதம் மணிப்பூரில் கலவரம் மூண்டபின் அங்கிருந்து வந்த குக்கி-சோ மக்களையும் ஏற்றுக்கொண்டன. அரிசியும் துணியும் இடமும் மக்களிடமிருந்தே வந்தன. இது எளிதில் மறக்கக்கூடிய செயலன்று. ஆயின் வந்தவர்கள் மிசோக்களின் உறவினத்தார். 1997இல் இனமோதலை அடுத்து அதே மாநிலத்திலிருந்து பல்லாயிரம் ப்ரூ மக்கள் திரிபுராவுக்கு வெளியேறினார்கள். அவர்களுள் கிறித்தவர்களும் இருந்தனர். முகாம்களில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்தபின், 2020 ஜனவரியில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அவர்களைத் திரிபுராவிலேயே குடியமர்த்த முடிவாயிற்று. ஒரே மலைகளில், ஒரே விவிலியத்தை வாசித்தவர்களிடையே, ‘ஒருவரையொருவர்’ என்ற சொல் இனத்தின் எல்லையில் நின்றுவிட்டது.

மற்றொரு கேள்வி அரிசியைத் திரட்டிய பெண்களைப் பற்றியது. மிசோ பிரெஸ்பிடேரியன் சபையின் வரலாற்றில் மிகப் பெரும்பகுதியில் குருத்துவப் பொறுப்புக்குப் பெண்கள் அமர்த்தப்படவில்லை. சபையின் பணிகளைத் தாங்கிய கைகளுக்கு, அப்பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவுசெய்யும் அவையில் எவ்வளவு இடமிருந்தது என்ற வினா நியாயமானது. அப்போஸ்தலர் 6இன் தீர்வு, விடுபட்டவர்களுக்குக் கூடுதலாக ஒரு கிண்ணம் வழங்குவதோடு நிற்கவில்லை. பரிமாறும் பொறுப்பையே மாற்றியது.

இக்குறை மிசோரத்துக்கு மட்டும் உரியதன்று. அவர்களது ஒத்துழைப்பு பெரிதாக இருப்பதால் அதன் ஓரமும் தெளிவாகத் தெரிகிறது. தனிக் கல்லறைத் தோட்டங்களை இன்றளவும் காத்துவரும் தமிழகச் சபைகள் மலைவாழ் மக்களைக் குறைகூறும் தகுதியை எளிதில் பெற்றுவிட முடியாது.

7. விட்டுக்கொடுத்த பெயர்கள்

எல்லையைக் கடந்த ஒத்துழைப்புக்குத் தமிழிலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. ஒரு தெருவில் வாழ்ந்த இரு கிறித்தவர்கள் முன்பு தம் திருத்தூதர்களின் பெயர்களைக்கூட ஒன்றாகச் சொன்னதில்லை. சீர்திருத்தச் சபையார் பேதுரு, பவுல், யோவான் என்றார்கள். கத்தோலிக்கர் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்றார்கள். ஒருவர் வேதப் பகுதியைச் சுட்டினால் மற்றவருக்கு அது எந்த நூல் என்றே விளங்காத நிலை இருந்தது. 1995இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பில் இரு தரப்பு அறிஞர்களும் கூடி உழைத்தார்கள். கத்தோலிக்கர் இராயப்பரையும் சின்னப்பரையும் விட்டுக்கொடுத்தார்கள். மறுதரப்பினர் தலைமுறைகளாகக் காதில் ஒலித்த நடையை விட்டு, ‘பரிசுத்த ஆவி’ ‘தூய ஆவி’ ஆவதற்கு இசைந்தார்கள். சீர்திருத்தச் சபைகளின் வழிபாட்டில் இன்றும் பழைய மொழிபெயர்ப்பே பெரிதும் ஒலிக்கிறது, அப்பற்று இயல்பானது. ஆயினும் எதையும் இழக்காமல் ஒத்துழைக்க முடியாது என்பதற்கு அந்நூலின் ஒவ்வொரு பக்கமும் சான்று.

1947 செப்டம்பர் 27இல் சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானபோது ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், காங்கிரிகேஷனல், பிரெஸ்பிடேரியன் மரபுகள் இணைந்தன. உலகத் திருச்சபை வரலாற்றில் அது பெருஞ்செயல். ஆனால் ஒரு பெருஞ்செயலை அன்றாடம் காப்பாற்றுவது சிறுசெயல்களே. காணிக்கைப் பணத்தைக் கொண்டுசெல்லும்போது எவரும் குறைசொல்லாதபடி தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்தனுப்பியதாகப் பவுல் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8). பலர் கண்முன் திறந்துவைத்த கணக்கும் ஒத்துழைப்பின் பகுதியே. பிலிப்பி சபையில் எயோதியாளும் சிந்திகேயாளும் பிணங்கியபோது அவ்விருவரையும் தம்மோடு போராடி உழைத்தவர்கள் என்று மதிப்போடு நினைவுகூர்ந்து, மூன்றாமவர் ஒருவர் அவர்களுக்குத் துணைநிற்கும்படி அவர் கேட்கிறார். யார் பக்கம் நியாயம் என்று அவர் தீர்ப்பு எழுதவில்லை.

இவை அனைத்தையும் ஒரு சிற்றூர்ச் சபையோ நகரத்து வீட்டுச் செபக் குழுவோ நாளையே தொடங்கலாம். உலை வைப்பதற்கு முன் எடுத்துவைக்க ஒரு கலம் வேண்டும். அதன் கணக்கை இருவர் எழுத வேண்டும். இருவரும் ஒரே குடும்பத்தாராகவோ ஒரே சாதியாராகவோ இல்லாதிருப்பது நலம். முறையீடு எழுந்தால் முறையிட்டவர் கையிலேயே அகப்பையைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆண்டு விருந்தில் யார் கடைசிப் பந்தியில் அமர்கிறார்கள் என்பதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அடுத்த தெருவிலுள்ள மற்றச் சபையாரின் வீட்டில் மரணம் நேரும்போது, அழைப்புக்குக் காத்திராமல் குழி வெட்டவும் கஞ்சி காய்ச்சவும் நான்கு பேர் செல்லலாம். அரிசி நம் அடுக்களைகளில் இருக்கிறது. அந்தக் கலம் யாருக்காக நிரப்பப்படுகிறது, யாரை எண்ணாமல் விட்டிருக்கிறோம் என்ற கேள்வியை ஒவ்வொரு சபையும் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.